கிரகப் படங்களின் நிறம் உண்மையா? மூலத் தரவை எடுத்து வீட்டிலேயே படம் செய்வது எப்படி?

பெங்களூர் அல்சூரில் குடியிருக்கும் ஒருவரின் கேள்வி இது. பதினோராம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்குப் பள்ளியில் கிரகப் படங்களை வைத்து ஒரு கண்காட்சி போடப்போகிறாள். ஒரே நெப்டியூன் ஒரு தளத்தில் கருநீலம், இன்னொன்றில் வெளிர்நீலம், எதை நம்புவது? விண்கலம் அனுப்பிய மூலத் தரவை எடுத்து அவளே படம் செய்ய முடியுமா? வீட்டில் இருக்கும் 8 ஜிபி ரேம் லேப்டாப் தாங்குமா?

செய்ய முடியும் சார், லேப்டாப்பும் தாங்கும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். ஆனால் நிறத்தைப் பற்றிய கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது புரியாமல் மென்பொருளைத் திறந்தால் அழகான படம் வரும், அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாது.

கிரகங்களுக்குப் போன கேமராக்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைக் கேமராக்கள். ஒளியை உணரும் டிடெக்டருக்கு முன்னால் ஒரு சக்கரம், அதில் பல ஃபில்டர்கள். சிவப்பு ஃபில்டரில் ஒரு படம், பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று அடுத்தடுத்து எடுத்து அனுப்பும். பூமியில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வண்ணப்படம். போன் கேமரா போல ஒரே தட்டலில் வண்ணம் எடுக்கும் கேமராவை வைத்தால் என்ன என்று கேட்கலாம். போன் கேமராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறம் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும். மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகித்துத்தான் நிரப்புகிறது. விஞ்ஞானிகளுக்கு அந்த ஊகம் வேண்டாம். மீத்தேன் ஒளியை உறிஞ்சும் 727, 889 நானோமீட்டர் போன்ற குறுகிய அலைநீளங்களில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சனியைச் சுற்றிய காசினி கலத்தின் கேமராக்களில் இதற்கென்றே தனி ஃபில்டர்கள் இருந்தன. சனியின் நிலவான டைட்டனைச் சாதாரண ஒளியில் பார்த்தால் ஆரஞ்சுப் புகைமூட்டம் மட்டும்தான். 938 நானோமீட்டர் ஃபில்டரில் பார்த்தால் தரை மங்கலாகத் தெரியும்.

மங்கள்யானின் வண்ணக் கேமராவும் செவ்வாயில் ஓடும் க்யூரியாசிட்டி ரோவரின் மாஸ்ட்கேம் கேமராவும் போன் கேமரா வகைதான். அங்கே தேவை வேறு, அதனால் தேர்வும் வேறு.

இப்போது நெப்டியூன். வாயேஜர் 2 கலம் அதைக் கடந்தது 1989 ஆகஸ்ட் 25-ல். மேகங்களும் கரும்புள்ளியும் தெளிவாகத் தெரியட்டும் என்று படத்தின் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டி வெளியிட்டார்கள். நிறம் கூட்டப்பட்டது என்று குறிப்பும் இருந்தது. படம் பாடநூலுக்கும் சுவரொட்டிக்கும் போனபோது அந்தக் குறிப்பு கூடவே போகவில்லை. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வின் குழு பழைய வாயேஜர் தரவை, ஹபிள் தொலைநோக்கி, சிலியிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கி ஆகியவற்றின் அளவீடுகளோடு ஒப்பிட்டு மறுபடி கணக்கிட்டது. நெப்டியூனும் யுரேனஸும் ஏறக்குறைய ஒரே பச்சை கலந்த வெளிர்நீலம். நெப்டியூன் ஒரு இழை கூடுதல் நீலம், அவ்வளவுதான். ஆக, நீங்கள் பார்த்த இரண்டு படங்களும் ஒரே தரவு. கருநீலப் படத்தைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். குறிப்பு உதிர்ந்த படம் அது.

இதே கதை செவ்வாயில் இன்னும் வேகமாக நடந்தது. வைக்கிங் 1 இறங்கியது 1976 ஜூலை 20. முதல் வண்ணப்படத்தில் வானம் நீலமாக வெளிவந்தது. பூமியில் வானம் நீலம் என்பதால் யாருக்கும் முதலில் உறுத்தவில்லை. கலத்தின் மேலேயே பொருத்தியிருந்த நிற அட்டையை வைத்துச் சரிபார்த்த பிறகு, காற்றில் மிதக்கும் தூசியால் வானம் மங்கிய இளஞ்சிவப்பு சார்ந்தது என்று திருத்தினார்கள். அதன்பின் தரையிறங்கும் கலங்களில் நிற அட்டை தவறுவதே இல்லை. இன்றைக்கு க்யூரியாசிட்டி படங்கள் இரண்டு விதமாகவும் வெளியாகின்றன: செவ்வாயில் நின்றால் தெரியும் மஞ்சள் பழுப்பு ஒன்று, பூமியின் பகல் வெளிச்சத்தில் அந்தப் பாறை எப்படி இருக்கும் என்று வெள்ளைச் சமநிலை செய்தது இன்னொன்று. இரண்டாவதில் வானம் நீலமாகத் தெரியும். பாறை வகையை அடையாளம் காண அது உதவும் என்பதால்தான் செய்கிறார்கள். வாட்ஸாப்பில் ‘நாசா மறைத்த நீல வானம்’ என்று சுற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, கண்காட்சியில் அதிகம் ஏமாற்றுவது. செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ கலத்தின் ஹைரைஸ் கேமராவில் மூன்று பட்டைகள்: நீலப்பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு. கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பைச் சிவப்புச் சேனலில் (வண்ணப்படத்தின் சிவப்பு அடுக்கில்) போட்டு, சிவப்பைப் பச்சையில் போட்டு, நீலப்பச்சையை நீலத்தில் போடுவார்கள். அதனால்தான் செவ்வாயின் கரிய எரிமலை மணல்மேடுகள் பளிச்சென்ற நீலமாக வருகின்றன. அங்கே போய் நின்றால் சாம்பல் கலந்த கறுப்பு. மெகல்லன் கலம் ரேடாரால் எடுத்த வெள்ளிப் படங்களுக்கோ நிறமே கிடையாது. ரேடியோ அலை எவ்வளவு திரும்பி வந்தது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ஆரஞ்சு பூசியது, சோவியத்தின் வெனேரா 13, 14 கலங்கள் தரையில் பார்த்த நிறத்தை வைத்து. அந்த வரிசையின் பிரபலமான மாட் மோன்ஸ் எரிமலைப் படத்தில் உயரம் 22.5 மடங்கு கூட்டப்பட்டது. உண்மையில் அது மெல்லச் சரியும் அகன்ற மலை.

ஆகவே மகள் ஒவ்வொரு படத்துக்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: கண் பார்ப்பதற்கு நெருங்கிய நிறம், மாறுபாடு கூட்டிய நிறம், பொய் நிறம். மூன்றுமே நியாயமானவை. எது என்று படத்தின் கீழே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவே.

செய்முறைக்கு வருவோம். கண்காட்சிக்கு மூன்று வேலைகள் போதும்: காசினியின் சனி ஒரு வண்ணப்படம், சந்திரயான்-2 எடுத்த நிலவின் தரை ஒன்று, ரோவர் படங்களிலிருந்து சிவப்பு நீலக் கண்ணாடியில் பார்க்கும் முப்பரிமாணப் படம் ஒன்று. வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் படங்கள்தான் எல்லாரையும் இழுக்கும். முதல் முயற்சிக்கு அதைத் தொட வேண்டாம். ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுழன்றுகொண்டே படம் எடுக்கிறது. அதன் கேமராவான ஜூனோகேமின் டிடெக்டர் மேலேயே ஃபில்டர் பட்டைகள் ஒட்டியிருக்கின்றன. மூலக் கோப்பு 1648 பிக்சல் அகலமும் 128 வரி உயரமும் உள்ள துண்டுகளாக, நீலம், பச்சை, சிவப்பு என்று மாறி மாறி அடுக்கி வரும். கலம் எங்கே இருந்தது, எப்படிச் சாய்ந்திருந்தது என்ற தரவோடு ஒவ்வொரு துண்டையும் கோளத்தின் மேல் பொருத்தினால்தான் படம் சேரும். கையால் ஒட்டினால் வியாழன் நசுங்கிப் போகும்.

முதல் வேலை, சனி. காசினி 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியது, நாலரை லட்சம் படங்கள் எடுத்தது. எல்லாம் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசம். வளையங்கள், நிலவுகள் பிரிவின் ‘ஓபஸ்’ தேடுதளத்தில் காசினி, குறுகிய கோணக் கேமரா, இலக்கு சனி என்று கொடுத்து, ஃபில்டரில் சிவப்பு, பச்சை, பிஎல்1 எனப்படும் நீலம் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். கோப்புப் பெயரின் முதல் எழுத்து எந்தக் கேமரா என்று சொல்லும்: என் என்றால் குறுகிய கோணம், டபிள்யூ என்றால் அகன்ற கோணம். அடுத்து வரும் பத்து இலக்க எண் கலத்தின் கடிகாரம், விநாடியில். இரண்டு எண்களைக் கழித்தால் இரண்டு படங்களுக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்று தெரிந்துவிடும். மூன்று ஃபில்டர் படங்களும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுத்தவையா என்று இப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

இடைவெளி ஏன் முக்கியம்? வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், நிமிடத்துக்கு 0.6 பாகை. சனியும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான். ஐந்து நிமிடம் தள்ளி எடுத்த படங்களைச் சேர்த்தால் விளிம்பு பொருந்தும், நடுவிலுள்ள மேகம் பொருந்தாது. சிவப்பு நீல நிழல் விழும்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வகைக் கோப்பு இருக்கும்: கலம் அனுப்பியபடியே உள்ள மூலம், அளவுத்திருத்தம் செய்தது. திருத்தியதையே எடுங்கள். இருட்டில்கூட டிடெக்டர் காட்டும் போலி அளவு, பிக்சலுக்குப் பிக்சல் மாறும் உணர்திறன், தூசி படிந்ததால் வரும் வளைய நிழல், வெளிச்சத்துக்குத் திறந்திருந்த நேரம் எல்லாம் அதில் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கும். மூலத்தில் இன்னொரு வில்லங்கம்: காசினி பல படங்களை 12 பிட்டிலிருந்து 8 பிட்டாகச் சுருக்கி அனுப்பியது, அட்டவணை ஒன்றின்படி, நேர்விகிதத்தில் அல்ல. அதைத் திருப்பிப் போடாமல் மூன்று ஃபில்டரையும் சேர்த்தால் நிறம் எங்கேயோ போகும். தளங்களில் சட்டென்று கிடைக்கும் ஜேபெக் படங்களை நிறத்துக்கு நம்பவே வேண்டாம். ஒவ்வொரு படத்தின் வெளிச்சமும் தனித்தனியாக இழுத்து விரிக்கப்பட்டிருக்கும். சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்ற விகிதம் அங்கேயே போய்விட்டது.

திறப்பதற்கு ஃபிஜி என்ற இலவச மென்பொருள். அதில் இறக்குமதி, ரா என்று போனால் ஒரு பெட்டி வரும். அகலம் 1024, உயரம் 1024, வகை 32 பிட் தசமம். கோப்பின் தொடக்கத்தில் படத்துக்கு முன்னால் இருக்கும் தகவல் பகுதிதான் தலைப்பு; அது எத்தனை பைட் என்பது கோப்பின் முதல் வரியிலேயே எல்பிஎல்சைஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். எந்த எழுத்துத் தொகுப்பியில் திறந்தாலும் படிக்கலாம். அந்த எண்ணை ஆஃப்செட் என்ற கட்டத்தில் போடுங்கள். பைட் வரிசை (ஒவ்வொரு எண்ணிலும் எந்த பைட் முதலில்) எது என்றும் அதே தலைப்பு சொல்லும். 512 பிக்சலுக்குச் சுருக்கி எடுத்த படங்களும் உண்டு, அகலம் உயரத்தைத் தலைப்பில் பார்த்துப் போடவும்.

தப்பாகப் போட்டால் என்ன தெரியும் என்பதைத் தெரிந்துவைத்தால் பாதி நேரம் மிச்சம். படம் மூலைவிட்டமாகச் சரிந்து கோடு கோடாக வந்தால் அகலம் தப்பு. பழைய டிவியில் சிக்னல் போனது மாதிரி வெறும் புள்ளிகள் என்றால் பைட் வரிசை தலைகீழ். சனியின் வலப்பாதி இடது ஓரத்தில் வந்து நின்றால் ஆஃப்செட் தப்பு. மேலே மட்டும் ஒரு பட்டை குப்பையாக இருந்தால் தலைப்பையே படமாகப் படித்திருக்கிறது. திருத்தாத 8 பிட் மூலத்தைத் திறக்கிறவர்களுக்கு ஒரு பொறி: அதில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 24 பைட் கூடுதல் தகவல் இருக்கிறது. அகலத்தை 1048 என்று கொடுத்துத் திறந்து, இடது ஓரத்தில் 24 பிக்சலை வெட்டிவிட வேண்டும்.

திருத்திய கோப்பில் ஒவ்வொரு பிக்சலும் சூரிய ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பி வந்தது என்ற எண். நிறத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது: மூன்று படத்துக்கும் ஒரே கீழ் எல்லை, ஒரே மேல் எல்லை கொடுக்க வேண்டும். கீழே 0, மேலே மூன்றிலும் மிகப் பிரகாசமான பகுதியைவிடச் சற்றுக் கூடுதலான எண், உதாரணமாக 0.8. ‘ஆட்டோ’ பொத்தானைத் தொட்டால் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த எல்லையை எடுத்துக்கொள்ளும், சனி சாம்பல் நிறமாகிவிடும். எல்லையை வைத்த பிறகு 16 பிட்டாக மாற்றி டிஃப் வடிவில் சேமியுங்கள்.

மூன்று டிஃப்பையும் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் மூன்று லேயராகத் திறந்து, மேல் லேயரின் முறையை ‘வித்தியாசம்’ என்று வைத்து நகர்த்துங்கள். பொருந்தப் பொருந்தப் படம் கறுத்துக்கொண்டே போகும். விளிம்பு முழுக்க மறைந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் பொருந்தி எதிர்ப்பக்கம் பொருந்தவில்லை என்றால் இடையில் கலம் நெருங்கியோ விலகியோ இருக்கிறது. ஒரு லேயரை ஒரு சதவீதத்துக்கும் குறைவாக அளவு மாற்றினால் போதும். சனிக்கு முன்னால் ஒரு நிலவு போய்க்கொண்டிருந்தால் அது மூன்று இடத்தில் மூன்று நிறப் பொட்டாக நிற்கும். அந்த நிலவைத் தனியாக வெட்டித் தனியாகப் பொருத்த வேண்டும். காப்பகத்தில் இருக்கும் புகழ்பெற்ற படங்களிலும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். பொருந்திய பிறகு மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களாகச் சேர்த்துவிடலாம்.

சேர்த்ததும் படம் இருட்டாக, நிறம் கெட்டியாக இருக்கும். பதறி நிறத்தைக் குறைக்காதீர்கள். தரவு நேர்விகிதத்தில் இருக்கிறது, திரையோ அப்படி இல்லை. ‘லெவல்ஸ்’ கருவியில் நடு மதிப்பை 2.2 ஆக்கினால் வெளிச்சம் ஏறும், நிறம் தானே இறங்கி நிற்கும். சனி வெண்ணெய் மஞ்சளாக, வளையம் பழுப்பு கலந்த சாம்பலாக வரும். சரியா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று: என்செலடஸ் நிலவின் மூன்று ஃபில்டர் படங்களை இதே எண்களோடு ஓட்டிப் பாருங்கள். அது பனி மூடிய வெள்ளை உலகம். நிறம் ஏறாமல் வெள்ளையாக வந்தால் உங்கள் முறை சரி. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ வந்தால் எல்லைகளில் எங்கோ தவறு.

இங்கும் அங்கும் மின்னும் ஒற்றைப் பிக்சல்கள் நட்சத்திரங்கள் அல்ல, டிடெக்டரில் மோதிய காஸ்மிக் கதிர்கள். சேர்த்த படத்தில் தூய சிவப்பு, தூய நீலப் புள்ளியாக நிற்பதால் அடையாளம் சுலபம். அவற்றை மட்டும் அழியுங்கள். படம் முழுவதையும் மென்மையாக்கும் ஃபில்டரை ஓட்டினால் வளைய இடைவெளிகளும் சேர்ந்து போகும். பின்னணியில் நட்சத்திரமே இல்லையே என்று கண்காட்சிக்கு வருகிற எல்லாரும் கேட்பார்கள். வெயிலில் நிற்கும் கிரகத்துக்கு வைத்த நொடிப்பொழுதில் நட்சத்திரம் பதியாது.

இரண்டாவது வேலை நம் ஊர் சம்பந்தப்பட்டது. பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி பியாலாலுவில் 32 மீட்டர், 18 மீட்டர் ஆண்டெனாக்கள் இருக்கின்றன. இஸ்ரோவின் தொலைதூர விண்கலங்களோடு பேசுவது அவை. இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையமும் அதே வளாகத்தில்தான். அந்த மையத்தின் ‘பிரதான்’ தளத்தில் மின்னஞ்சலோடு பதிவு செய்துகொண்டால் சந்திரயான்-2 தரவை இறக்கலாம். இரண்டு கேமராக்கள் நமக்குப் பயன்படும். டிஎம்சி-2 பிக்சலுக்கு 5 மீட்டர், 20 கி.மீ. அகலப் பட்டை. ஓஎச்ஆர்சி 100 கி.மீ. உயரத்திலிருந்து பிக்சலுக்கு 25 செ.மீ., பட்டை 3 கி.மீ. அகலம், அதாவது குறுக்கே 12000 பிக்சல்.

இவை சதுரமாகக் கிளிக் செய்யும் கேமராக்கள் அல்ல. ஒற்றை வரியாகப் பார்த்துக்கொண்டே போகும். கலத்தின் ஓட்டம்தான் படத்தை நீட்டுகிறது. நிலவின் தரைக்கு மேல் கலம் விநாடிக்குச் சுமார் 1.5 கி.மீ. நகர்கிறது. 25 செ.மீ. வரி வேண்டுமென்றால் விநாடிக்கு 6000 வரி எடுத்தாக வேண்டும், ஒரு வரிக்கு ஒரு மில்லி விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்தில் சேரும் ஒளி போதாது என்பதால், ஒரே தரையைப் பல வரிகள் அடுத்தடுத்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளும் டிடெக்டர் வைத்திருக்கிறார்கள். ஹைரைஸ் 128 வரிகள்வரை இப்படிக் கூட்டும்.

ஓஎச்ஆர்சி படத்தை இறக்கும்போது கோப்புப் பெயரில் என்சிபி என்று இருப்பதை எடுங்கள், அது திருத்தியது; என்ஆர்பி மூலம். ஜிப்பைப் பிரித்தால் டேட்டா என்ற அடைவில் ஒரு ஐஎம்ஜி கோப்பும் அதே பெயரில், படத்தைப் பற்றிய தகவல் அடங்கிய ஒரு எக்ஸ்எம்எல் லேபிளும் இருக்கும். இரண்டையும் ஒரே அடைவிலேயே வைத்து, லேபிளை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் இழுத்துப் போட்டால் படம் திறக்கும். லேபிளைத் தனியே நகர்த்தினாலோ, ஐஎம்ஜியின் பெயரை மாற்றினாலோ திறக்காது. பலர் இந்த இடத்தில்தான் தளத்தைக் குறைசொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

12000 அகலத்தில் 90000 வரி என்று வைத்தால் பிக்சலுக்கு ஒரு பைட் கணக்கில் 108 கோடி பைட், ஒரு ஜிபிக்கு மேல். இதை கிம்ப்பில் முழுதாகத் திறந்தால் 8 ஜிபி லேப்டாப் மூச்சுத் திணறும். ஜேபெக்காகவும் சேமிக்க முடியாது. அந்த வடிவம் ஒரு பக்கத்துக்கு 65535 பிக்சலைத் தாண்டாது. க்யூஜிஐஎஸ்-லேயே பிடித்த இடத்தை 4000க்கு 4000 அளவில் வெட்டி டிஃப் எடுத்துக்கொண்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

எதைத் தேடுவது? 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் இறங்கிய சிவசக்தி இடம், தெற்கு அட்சரேகை 69.37, கிழக்குத் தீர்க்கரேகை 32.32. அந்தத் தேதிக்குப் பிந்தைய படம் அந்த இடத்துக்குக் கிடைத்தால், 2 மீட்டர் அகல லேண்டர் 8 பிக்சல்தான் இருக்கும். ஆனால் தென்துருவப் பக்கம் சூரியன் தாழ்வாகவே நிற்பதால் நிழல் நீளமாக விழுந்து காட்டிக்கொடுக்கும். நிழலை வைத்து உயரமும் கணக்கிடலாம், பதினோராம் வகுப்பு முக்கோணவியல் தாராளம். லேபிளில் சூரியனின் உயரக் கோணம் இருக்கும். அது 10 பாகை, ஒரு பாறையின் நிழல் 40 பிக்சல் என்றால் நிழல் 10 மீட்டர். 10 பாகையின் டேன்ஜென்ட் 0.176, பாறையின் உயரம் 1.76 மீட்டர். கண்காட்சியில் இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிப் படத்தோடு வைத்தால், வெறும் படம் பார்க்க வந்தவர்களும் நின்று படிப்பார்கள். தரை சாய்வாக இருந்தால் விடை பிசகும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடட்டும்.

நிலவுப் படத்தில் பள்ளமெல்லாம் மேடாகத் தெரிந்தால் படத்தில் கோளாறு இல்லை. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். சூரியன் கீழ்ப்பக்கமிருந்து அடிக்கும் படத்தை 180 பாகை திருப்பினால் பள்ளம் பள்ளமாகிவிடும். திருப்பினால் வடக்கு எங்கே என்று ஓர் அம்புக்குறி போடுவது மறக்கக்கூடாது. கலம் வடக்கிலிருந்து தெற்கே போனதா, தெற்கிலிருந்து வடக்கே போனதா என்பதைப் பொறுத்து மூலமே தலைகீழாக இருக்கக்கூடும். லேபிளிலுள்ள நான்கு மூலை அட்சரேகைகளைப் பார்த்தால் தெரியும்.

வெளிச்சக் கோணம் ஏமாற்றியதற்குப் பேர்போன உதாரணம் செவ்வாயின் ‘முகம்’, 1976 ஜூலை 25-ல் வைக்கிங் 1 சுற்றுக்கலம் எடுத்தது. சாய்ந்த வெயிலில் ஒரு மலையின் பாதி நிழலில் இருந்தது. மூக்குத் துவாரம் மாதிரி தெரிந்த கறுப்புப் புள்ளி, தரவு வரும் வழியில் தொலைந்த பிக்சல். பின்னாளில் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் கூர்மையாக எடுத்ததும் அது தேய்ந்த தட்டை மலையாகிவிட்டது. மகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அதற்குத்தான் கூட்டம் சேரும்.

முப்பரிமாணப் படம் மூன்றிலும் சுலபம், அரைமணி வேலை. க்யூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இரண்டின் நேவிகேஷன் கேமராக்களும் சுமார் 42 செ.மீ. இடைவெளியில் இரண்டு கண்கள் போல இருக்கின்றன. மூலப் படங்கள் பக்கத்தில் ஒரே நேரத்தில் எடுத்த இடது வலது ஜோடியைத் தேர்ந்து, இடது படத்தைச் சிவப்புச் சேனலிலும் வலது படத்தைப் பச்சை, நீலச் சேனல்களிலும் போடுங்கள். கண்ணாடியில் சிவப்பு இடக்கண்ணுக்கு. பக்கத்தில் இருப்பது தள்ளியும் தூரத்தில் இருப்பது முன்னாலும் தெரிந்தால் இடது வலது மாறிவிட்டது. நம் கண்கள் 6.5 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் காட்சி பொம்மைபோலச் சிறுத்துத் தெரியும், அது இயல்பு. பிரக்யான் ரோவரின் நேவ்கேம் ஜோடியை வைத்து இஸ்ரோவும் 2023 செப்டம்பர் 5-ல் விக்ரமின் இப்படியொரு படத்தை வெளியிட்டது. அந்தக் கேமரா பெங்களூர் பீன்யாவிலுள்ள இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகத்தில் உருவானது. மாஸ்ட்கேம் மூலங்களில் சதுரங்கப் பலகை மாதிரி நுண்கட்டம் தெரிந்தால் அது நிறம் பிரிக்காத மூலம், பழுதில்லை. நேவிகேஷன் கேமராவோடு நின்றுகொள்வது நல்லது.

அச்சுக்குப் போகும் முன் அளவு பாருங்கள். அங்குலத்துக்கு 150 பிக்சல் கணக்கில் ஏ3 தாளுக்கு 1754க்கு 2480 பிக்சல் வேண்டும். காசினியின் ஒற்றைப் படம் 1024 பிக்சல்தான், 17 செ.மீ. அகலத்துக்கு மேல் இழுத்தால் உடையும். ஏ3-ல் நாலு படமாகப் போடலாம், அல்லது பெரிதாக ஒன்று வேண்டுமென்றால் நிலவு வெட்டு 4000 பிக்சல் இருக்கிறதே. செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் ஆப்களைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். இல்லாத பள்ளங்களை அவை தாமே வரைந்து சேர்க்கும், பிறகு அது அளவீடே அல்ல. சுல்தான்பேட்டைப் பக்கம் அச்சடிக்கக் கொடுத்தால், ‘கலர் கரெக்‌ஷன் எதுவும் பண்ண வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லி, ஏ4-ல் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸில் விண்வெளியின் கறுப்பு சாம்பலாகப் பல்லிளிக்கும். பளபளப்பில்லாத போட்டோ தாள் நல்லது, அதில் நிழல் பகுதிகள் திரையைவிட இருண்டு வரும் என்பதால் நடு மதிப்பை ஒரு பத்து சதவீதம் ஏற்றிக் கொடுக்கவும்.

படத்தின் கீழே எழுத வேண்டியது இவ்வளவு: கலம், கேமரா, எடுத்த தேதி, கோப்பு எண், எந்தெந்த ஃபில்டர் எந்தச் சேனலில், நிற வகை மூன்றில் எது, தரவு யாருடையது, படம் செய்தது யார். ‘காசினி, குறுகிய கோணக் கேமரா; சிவப்பு, பச்சை, பிஎல்1; கண்ணுக்கு நெருங்கிய நிறம்; தரவு: நாசா, ஜேபிஎல்’ என்று தொடங்கி மகளின் பெயரோடு முடிக்கலாம். வேற்று விண்மீன்களைச் சுற்றும் கிரகங்கள் என்று இணையத்தில் கிடைக்கும் கடலும் மேகமும் கொண்ட படங்களைச் சேர்ப்பதானால், ஓவியர் கற்பனை என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சேர்க்காமல் விட்டால் இன்னும் நல்லது.

லேப்டாப்புக்கு வருகிறேன். 8 ஜிபி ரேமில் சனியும் ரோவரும் சிரமமே இல்லாமல் ஓடும். நிலவுப் பட்டைக்கு மட்டும் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு க்யூஜிஐஎஸ்ஸைத் திறக்கவும். முதல் முறை பிரமிட் (படத்தின் சிறிய பிரதிகள்) கட்டச் சொல்லிவிட்டால் அடுத்த முறை நகர்த்தும்போது திணறாது. ஜிப், பிரித்தது, வெட்டியது என்று ஒவ்வொரு பட்டைக்கும் நாலைந்து ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். ரேம் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருக்கிறதா, அதில் இருப்பது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்துக் குறித்துக்கொண்டு எஸ்.பி. ரோடு கணினிக் கடைகளுக்குப் போங்கள்; சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.